காற்றைக் குறைக்கும் முன்

செங்கோடன் வீடா? சொல்கிறேன், முதலில் உட்காருங்கள். இந்த வெயிலில் அந்த ஏற்றத்தில் நடந்தால் பாதி வழியில் மயக்கம் போட்டு விழுவீர்கள். கரி லாரி வந்தால்தான் இந்த எடைமேடைக்கு வேலை. அதுவரைக்கும் நானும் இந்த நாயும்தான். அது கடிக்காது, உட்காருங்கள்.

வெளுத்த வேட்டி, புதுச் செருப்பு, மஞ்சப்பைக்குள் வெற்றிலை பாக்கு. பெண் விசாரிக்க வந்திருக்கிறீர்கள், இல்லையா? மறைக்க வேண்டாம். நேராகப் பெண் வீட்டுக்குப் போகாமல் வழியில் நாலு பேரிடம் குடும்பம் எப்படி என்று கேட்டுவிட்டுப் போவதுதானே முறை. சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். என் பேர் பொன்னுரங்கம். மேகலாவின் அம்மா பாவாயி என் கூடப்பிறந்த தங்கச்சி. நான் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பெண்ணுக்கு மாமன் கிடையாது என்று தரகர் சொன்னாரா? அப்படிச் சொல்லச் சொல்லி அந்த வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், கேட்டுவிட்டுப் போங்கள்.

அதோ, கேட்டதா? டங்கென்று ஒரே அடி. அந்தப் புகைபோக்கி தெரிகிறது பாருங்கள், அதன் அடியில் ஒரு தண்டவாளத் துண்டைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு அடி விழுந்தால் உலை உச்சியில், மேல்தட்டில் இருக்கிறவன் கூடையைக் கொட்ட வேண்டும். இரண்டு விழுந்தால் உலையின் வாயைத் திறக்கப் போகிறார்கள், எல்லாரும் ஒதுங்க வேண்டும். மூன்று அடிக்கு வேறு அர்த்தம், அதை அப்புறம் சொல்கிறேன். இங்கிருந்து ஒரு மைல் இருக்கும். எடைமேடையில் லாரி நின்று உறுமும்போதுகூட எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். ஊர் முழுக்கக் கேட்கும்.

அந்த உலைக்கு நான் ஃபோர்மேனாக இருந்தவன். இப்போது எடைமேடையில் லாரிச் சக்கரத்துக்குத் தடைப்பலகை வைக்கிறேன். எதனால் என்று கேளுங்கள். உங்கள் சம்பந்தியாகப் போகிறவனால்.

ஊதுலை பார்த்திருக்கிறீர்களா? மூன்று மாடி உயரத்துக்கு இரும்புத் தகட்டாலும் செங்கல்லாலும் ஒரு குதிர். அந்தக் குதிருக்கு வாய் மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு. மேலே இரும்புக்கல், மரக்கரி, சுண்ணாம்புக்கல் என்று கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் சுற்றிலும் குழாய் வைத்துப் பெரிய புளோயரில் காற்றை அடிப்பார்கள். காற்றுப் பட்ட இடத்தில் கரி வெள்ளையாக எரியும். கல் உருகிச் சொட்டும். கடப்பாரையால் கீழ்வாயைக் குத்தித் திறந்தால் இரும்பு ஓடையாக ஓடி வந்து மணல் பாத்தியில் பாயும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரிதான். ஆறினால் கட்டி. பிக் அயர்ன் என்று லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். பாத்தியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் போச்சு, துப்பாக்கி வெடித்த மாதிரி முகத்தில் அடிக்கும். என் கழுத்தைப் பாருங்கள். இங்கே. தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. அப்படிப்பட்ட சனியனைக் கட்டி மேய்த்தவன் நான். ஆட்களிடம் நான் கத்துவேன், திட்டுவேன், அவ்வளவுதான். அடிதடிக்குப் போகிற ஆள் இல்லை.

செங்கோடனுக்கு வேலை போட்டுக் கொடுத்ததே நான்தான். தங்கச்சி புருஷன் ஆயிற்றே என்று மேல்தட்டில் கூடை கொட்டுகிற வேலைக்குச் சேர்த்துவிட்டேன். நல்ல வேலைக்காரன். அதை இல்லையென்று சொல்லமாட்டேன். கரியைச் சல்லடையில் சலிக்காமல் ஒரு கூடை கொட்டமாட்டான். அதிலேதான் அவனுக்குத் திமிர் வந்தது.

மேகலா பெரிய மனுஷி ஆனாள். மாமன் சீர் என்று பட்டுப் பாவாடையும் கொலுசும் வாங்கிக்கொண்டு ஷிஃப்ட் முடிந்த கையோடு ஓடினேன். குளிக்கவில்லை. நல்ல நேரம் போய்விடக் கூடாது என்ற அவசரம். கொஞ்சம் போட்டிருந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. பந்தலில் அத்தனை பேர் இருக்கும்போது இந்தச் செங்கோடன் என்னை மறித்தான். மறித்து என்ன சொன்னான் தெரியுமா?

"மச்சான், ஒரு வாளி தண்ணி ஊத்திக்கிட்டு வாங்க. கரியோட மணைகிட்டப் போவாதீங்க. புள்ள புதுத்துணில உக்காந்திருக்குது."

தாய்மாமனைப் பார்த்து! கரி எங்கிருந்து வந்தது? அவனுக்குச் சோறு போடுகிற கரிதானே? நான் அடிதடிக்குப் போகிற ஆள் இல்லை. சீர்த் தட்டைக் காலால் ஒரு தள்ளு தள்ளினேன், அவ்வளவுதான். வாழைப்பழம், தேங்காய் எல்லாம் உருண்டு ஓடியது. குத்துவிளக்கு ஒன்று சாய்ந்து யாரோ ஒரு கிழவியின் சேலையில் பற்றியது. உடனே அணைத்துவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் போய் பாவாயி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

இப்போது மூன்று அடியைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். உலைக்குச் சில நாள் தொண்டை அடைக்கும். கரியில் தூள் அதிகமானால் காற்று மேலே ஏற வழி இருக்காது. போட்ட சரக்கு கீழே இறங்காமல் பாதியில் பாலம் கட்டி நின்றுவிடும். உலை தொங்கிவிட்டது என்போம். அடியில் எரிந்து பள்ளம் ஆகிக்கொண்டே இருக்கும், மேலே மலை மாதிரி சரக்கு அந்தரத்தில் நிற்கும். அதற்கு ஒரே வைத்தியம் காற்றைக் குறைப்பது. குறைத்தால் அத்தனையும் ஒரே மூச்சில் சரிந்து விழும். விழுந்தால் அடியில் அடைபட்ட நெருப்பும் புகையும் எங்கே போகும்? மேல்வாய் வழியாகத்தான் வரும். மேல்தட்டில் குருவி உட்கார்ந்திருந்தால்கூடச் சாம்பல்தான்.

அதனால் ஒரு பழக்கம். காற்றைக் குறைக்கும் முன் ஃபோர்மேன் தண்டவாளத்தில் மூன்று அடி அடிக்க வேண்டும். மேலே இருக்கிறவர்கள் இறங்கி வர வேண்டும். கடைசியாக இறங்குகிறவன், 'நான்தான் கடைசி, மேலே யாரும் இல்லை' என்று சொல்கிற மாதிரி, கையில் இருக்கிற கூடை வளையத்தால் அதே தண்டவாளத்தில் ஒரு தட்டுத் தட்டுவான். மறுதட்டு. அது கேட்ட பிறகுதான் வால்வில் கை வைக்கலாம்.

பேச்சு நின்றதிலிருந்து செங்கோடன் எனக்கு மறுதட்டுத் தட்டுவதில்லை. பேசாதவன் அடித்ததற்கு நான் பதில் சொல்வதா என்ற வீராப்பு. மூன்று அடி கேட்டால் பின்பக்க ஏணியில் இறங்கி, அங்கே இருக்கிற ஒரு புளியமரத்துக்கு அடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைப்பான். பழக்கத்தை முதலில் முறித்தவன் யார்? அவன். இதை மறந்துவிடாதீர்கள். நானும் தலையை நீட்டி, இறங்கிவிட்டானா என்று பார்ப்பதில்லை. ஃபோர்மேன் போய் புளியமரத்தடியில் நின்று சலாம் போட வேண்டுமா?

அந்தச் சமயத்தில்தான் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து இருளாண்டி என்று ஒருத்தன் கருவேலங்கரி கொண்டுவர ஆரம்பித்தான். நல்ல மனுஷன். லாரியை விட்டு இறங்கும்போதே "அண்ணே, உங்க முகத்தைப் பாத்தாத்தேன் எனக்குப் பொழுதே விடியுது" என்பான். வரும்போதெல்லாம் கருவாடு கொண்டுவருவான். அவன் கரியில் கொஞ்சம் தூள் இருந்தது. தூரத்திலிருந்து குலுங்கிக்கொண்டு வருகிற கரியில் தூள் இல்லாமல் இருக்குமா? நான் இறக்கச் சொல்லிவிட்டேன். சலித்துக்கொண்டிருந்தால் பாதி லாரிதான் தேறும், அப்படியே கொட்டுங்கள் என்றேன்.

மேல்தட்டிலிருந்து செங்கோடன் கத்தினான். என்னிடம் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படியில் நின்றுகொண்டிருந்த மாரப்பனிடம்.

"ஏப்பா மாரப்பா, கீழ நிக்கற பெரிய மனுசன்கிட்டச் சொல்லு. இது கரி இல்ல, கண்ணுமை. இதைக் கொட்டுனா உலைக்கு மூச்சு முட்டிரும்."

நானும் சொன்னேன். "மாரப்பா, மேல நிக்கற மைனர்கிட்டச் சொல்லு. கூடை தூக்கறவன் கூடையைத் தூக்குனாப் போதும். உலை பாக்க ஆளு இருக்குது."

"கருவாட்டு வாசத்துல மூக்கு அடைச்சுப் போச்சான்னு கேளு மாரப்பா."

"நீங்களே பேசித் தொலைங்கப்பா, எனக்குத் தொண்ட வறளுது" என்றான் மாரப்பன். சிரித்தார்கள். வாய் திறந்து இரும்பு ஓடிக்கொண்டிருந்தது. ஓடைக்குப் பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் அப்போதுதான் இரண்டு அடி அடித்துவிட்டு, சுத்தியலும் கையுமாக அண்ணாந்து பார்த்தேன்.

பார்த்த முகத்தில் கொட்டினான்.

ஒரு கூடைத் தூள். முழுக் கூடை. கண், மூக்கு, வாய், சட்டைக்குள், எல்லா இடத்திலும். மேலிருந்து குனிந்து சொல்கிறான், அத்தனை மாதம் கழித்து என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்: "இந்தாங்க மச்சான், உங்க இருளாண்டி கரி. உங்களுக்குத்தான் கரின்னா ஆவுமே."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்கள் சொல்லுங்கள். ஒருத்தனுக்குச் சோறு காட்டி, தங்கச்சியைக் கொடுத்து, கடைசியில் அவன் கையால் தலையில் கரி.

நான் அடிதடிக்குப் போகிற ஆள் இல்லை. கையிலிருந்த சுத்தியலை எறிந்தேன். பயமுறுத்தத்தான். குறி வைத்திருந்தால் அவன் மண்டை அன்றைக்கே பிளந்திருக்கும். அது கைப்பிடிக் கம்பியில் பட்டுத் திரும்பி, ஓடிக்கொண்டிருந்த இரும்பில் விழுந்தது. பிடி குப்பென்று பற்றி எரிந்தது. இரும்பு தெறித்து மாரப்பன் காலில் விழுந்தது. பூட்ஸ் போட்டிருந்தால் விரல் பிழைத்திருக்கும். ரப்பர் செருப்போடு வந்தால் யார் என்ன செய்வது? மாரப்பன் கத்துகிற கத்தலைக் கேட்டுச் செங்கோடன் இறங்கி ஓடி வந்து அவனைத் தூக்கக் குனிந்தான். குனிந்தவனை, உலையின் கீழ்வாயைக் களிமண்ணால் அடைக்கிற கழியால் நான் போட்டேன். புருவம் கிழிந்தது. அவனும் சும்மா இல்லை. என் கழுத்தைப் பிடித்து ஓடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். தலைமுடி பொசுங்குகிற வாசனை எனக்கே வந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்திராவிட்டால் இரண்டு பேரில் ஒருத்தன் பாத்தியில் கட்டியாகியிருப்பான்.

அந்தச் சுத்தியல் அப்படியே ஒரு கட்டிக்குள் உறைந்துபோனது. தலை பாதி வெளியே துருத்திக்கொண்டு இருந்தது. மறுநாள் காலையில் ஆட்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான். ஸ்டோர்காரன் வேறு, "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, நாளைக்கு வாங்க, புதுசு தர்றேன்" என்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்றால் உலைக்குத் தெரியுமா? அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. மாரப்பன் ஆஸ்பத்திரியில். மேல்தட்டில் செங்கோடன் தனியாக, புருவத்தில் கட்டோடு.

மத்தியானம் உலை தொங்கிவிட்டது.

காற்றழுத்தம் காட்டுகிற முள் ஏறிக்கொண்டே போகிறது. காற்றுக் குழாயில் பதித்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் வெள்ளையாக வெறும் நெருப்பு, ஒரு துண்டு கரி இறங்கவில்லை. எப்படித் தொங்கியது? கேளுங்கள். அவன் முந்தின நாள் சலிக்காமல் கொட்டியதால்தான். ஆமாம், நான்தான் கொட்டச் சொன்னேன். சொன்னால் கொட்டிவிடுவதா? அவ்வளவு தெரிந்தவன் சலித்திருக்க வேண்டாமா?

நான் மூன்று அடி அடித்தேன். ஓங்கி அடித்தேன். காத்திருந்தேன். மறுதட்டு வரவில்லை. எப்போது வந்தது, அன்றைக்கு வருவதற்கு? காற்றை விட்டுவைத்தால் குழாய் உருகிவிடும். வால்வைத் திருப்பினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? அடிவயிற்றில் ஒருத்தன் ஏறி மிதித்த மாதிரி. தரை ஒரு துள்ளு துள்ளியது. மேலே பார்த்தால் மேல்தட்டைக் காணோம், அந்த இடத்தில் நெருப்பு நிற்கிறது, பனைமர உயரத்துக்கு. எரிகிற கரி மழையாகக் கொட்டியது. எல்லாரும் கூடையைத் தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். அந்த நெருப்புக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தான். கம்பி காய்ந்திருந்ததா, கை அதிலேயே ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு குதித்தான். கரிக் குவியல்மேல் விழுந்து உருண்டான். சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை.

என்னைத்தான் பார்த்தான். கத்தவே இல்லை. என்னைப் பார்த்தான். அவ்வளவு ஆணவம்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவனுக்கு ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு என்மேல் பாய்ந்தார்கள். கழியால், கூடை வளையத்தால், ஒருத்தன் செங்கல்லால். இந்தப் பக்கம் பல் இல்லை பாருங்கள். நான் வேலைக்குச் சேர்த்துவிட்ட பயல்கள்! எல்லாரும் ஒரே வாய்: சத்தம் கேட்கவில்லை, ஃபோர்மேன் அடிக்கவே இல்லை. விசாரணைக்கு வந்த அதிகாரியிடமும் அதையேதான் சொன்னார்கள். புளோயர் இரைச்சலில் உங்களுக்குக் கேட்காமல் போயிருக்கலாம் இல்லையா என்று அந்த அதிகாரியே எடுத்துக் கொடுத்தார். இல்லை சார், அது ஊருக்கே கேட்கும் என்றான் ஒருத்தன். திருட்டுப் பயல்.

அவர்களை விடுங்கள். பாவாயி கேட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறாள். நான் போகிறேன், மண்டையில் கட்டோடு. கூடப்பிறந்தவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை இல்லை. "அண்ணா, அடிச்சியா?" என்றாள். அது மட்டும்தான். "அண்ணா, அடிச்சியா?"

நான் அடிதடிக்குப் போகிற ஆள் இல்லை. ஒரே ஒரு அறை. அதுவும் தங்கச்சி என்ற உரிமையில். அவள் அழவில்லை. கன்னத்தைக்கூடத் தொடவில்லை. "அப்ப அடிக்கல" என்றாள். உள்ளே போய்விட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அவன் பிழைத்துக்கொண்டான். ஒரு காது இல்லை, ஒரு கண் மங்கல். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கை இரண்டும் முட்டி மாதிரி. நீங்கள் போனால் கும்பிட அவனால் முடியாது, மரியாதை இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நினைத்தாலும் சரிதான்.

இப்போது கேளுங்கள் அநியாயத்தை. அவனுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் என்ன வேலை கொடுத்தார்கள்? தண்டவாளம் அடிக்கிற வேலை. தினமும் காலையில் பாவாயி வந்து அந்தக் கையில் சுத்தியலை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டுப் போகிறாள். அது போதாதென்று சுத்தியலுக்கு ஒரு சங்கிலி வேறு, யாரும் எறிந்துவிடக் கூடாதாம். நான் அடித்த தண்டவாளம். நான் நின்ற இடம். நாள் முழுக்க, பொழுது முழுக்க, இங்கே உட்கார்ந்து அவன் அடிப்பதை நான் கேட்க வேண்டும். தண்டனை யாருக்கு? சொல்லுங்கள், யாருக்கு?

அந்த வீட்டில்தான் பெண் எடுக்கப் போகிறீர்கள். எடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேகலா தங்கமான பிள்ளை. இந்த வழியாகத்தான் பஸ் ஏறப் போகும். தலையைத் தூக்காமல் போகும். ஆனால் ஒரு நாள் மழையில், அந்தக் கூரை ஓரமாக ஒதுங்கி நின்றது. நான் துண்டைக் கொடுத்தேன், வாங்கவில்லை. வாங்காவிட்டாலும் நின்றது இல்லையா?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முகூர்த்தத்தில் மாமன் மாலை போட வேண்டும். அவ்வளவுதான். மாமன் இருக்கும்போது வேறு எவனையோ மாமன் முறை என்று கூப்பிட்டு நிறுத்தினால் அது கல்யாணமா? நீங்கள் மாப்பிள்ளையின் அப்பா. நீங்கள் ஒரு வார்த்தை, பெண்ணின் தாய்மாமன் வந்தால்தான் ஆச்சு என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னால், அவர்களால் மறுக்க முடியாது. குளித்துவிட்டு வருவேன். ஒரு சொட்டுத் தொடமாட்டேன். சொல்வீர்களா?

என்ன? என்ன கேட்டீர்கள்?

எதை வைத்து அடித்தேன் என்றா?

சுத்தியல்தான் முந்தின நாளே கட்டிக்குள் போய்விட்டதே, மூன்று அடி எதை வைத்து அடித்தேன்... நல்ல கேள்வி கேட்கிறீர்கள். பெண் விசாரிக்க வந்தீர்களா, வழக்கு விசாரிக்க வந்தீர்களா? கடப்பாரையால் அடித்திருப்பேன். அங்கே எத்தனையோ இரும்பு கிடக்கும். கடப்பாரையால்தான். ஒரு ஆளுக்கு உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது, தலைமுடியில் இன்னும் அந்தத் தூள் இருக்கும்போது, கையில் எது இருந்தது என்றா பார்த்துக்கொண்டிருப்பான்? அடித்தேன் என்றால் அடித்தேன்!

ஏன் எழுந்துவிட்டீர்கள்? கத்தியதற்காகவா? நான் சத்தம் போடுகிறவன், அவ்வளவுதான். இருங்கள். பையை விட்டுவிட்டுப் போகிறீர்கள், இந்தாருங்கள். வீடு அந்த ஏற்றத்தைத் தாண்டி, பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், நீலக் கதவு. வாசலில் நந்தியாவட்டை இருக்கும். மாமன் மாலையை மட்டும் மறந்துவிடாதீர்கள். என்னைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம், நீங்களாகக் கேட்கிற மாதிரி...

டங். டங். டங்.

இருங்கள். நகராதீர்கள். மூன்று. காற்றைக் குறைக்கப் போகிறார்கள். அங்கே ஒருத்தன் மேலே இருப்பான். போகலாம், போகலாம், யாரும் உங்களைப் பிடித்துவைக்கவில்லை. மறுதட்டு வரட்டும். அது வராமல் நான் யாரையும் இங்கிருந்து போகவிடுவதில்லை, லாரியைக்கூட விடமாட்டேன், கேட்டுப் பாருங்கள். ஏணி செங்குத்து, இறங்க நேரம் ஆகும். கையை உதறாதீர்கள், வலிக்கிற மாதிரியா பிடித்திருக்கிறேன்? வரும். இப்போது இருக்கிற பையன் நல்ல பையன், தட்டாமல் இருக்கமாட்டான். பேசாதீர்கள். மூச்சு விடாமல் கேளுங்கள்.

வரும்.

...

டங்.

ஆங். இறங்கிவிட்டான். இனி நீங்கள் போகலாம்.